சேனை வைத்த விரல்

கைபேசிக்குப் பாடம் தயாரிப்பது என் வேலை. இதை யாருக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. என் கணவரின் நண்பர்கள், "ஆன்லைன் டியூஷனா?" என்பார்கள். என் மாமியார் தெருவில் இன்னும் எளிதாகச் சொல்லிவைத்திருக்கிறார்: "மருமவ போனுக்குப் பாடம் எடுக்கா." போன்கள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, நான் பிரம்போடு எதிரே நிற்பதுபோல எனக்குத் தோன்றும்.

நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில், எங்கள் படுக்கையறையின் ஜன்னலோரம், துணி மடிக்கிற மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். நான்கு வயது மகள் பள்ளிக்குப் போயிருக்கிற நேரம்தான் எனக்கு அலுவலக நேரம். அவள் வந்த பிறகு செய்கிற வேலையில் எப்படியும் ஒரு தப்பு இருக்கும். காலையில் செய்த வேலையிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

போன வருடம் எங்களுக்கு வந்தது கர்ப்பிணிப் பெண்களுக்கான பாடம். ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. கிராமத்துப் பெண்கள் தங்கள் போனிலேயே படம் பார்த்து, குரல் கேட்டு, கேள்விக்குப் பொத்தானை அழுத்திப் படிக்க வேண்டும். சரியாக அழுத்தினால் பச்சை நிறமும் கைதட்டலும் வரும். தப்பாக அழுத்தினால் 'மறுபடி யோசிக்கலாமா?' என்று ஒரு பெண்குரல் கேட்கும். ஒரு கையில் பிள்ளையோ வாளியோ இருக்கும் என்பதால், பொத்தான்கள் எல்லாம் திரையின் கீழ்ப்பக்கம், கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சிக்னல் சரியாக இல்லாத ஊர்களில் குரல் விட்டுவிட்டு வரும் என்பதால் ஒவ்வொரு ஒலித்துண்டையும் சிறியதாக வெட்ட வேண்டும். இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கவலைகளில் நான் கெட்டிக்காரி. கவலைப்படுவதற்காகவே ஒரு வேலை இருக்கும் என்று படிக்கிற காலத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி கதைக் கேள்விகள். ஒரு சூழ்நிலையைக் காட்டி, 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்போம். அழுத்துகிற பொத்தானைப் பொறுத்துக் கதை ஒவ்வொரு பக்கமாகப் போகும். பிறந்த குழந்தையைப் பற்றிய பகுதிக்கு நான் எழுதிய சூழ்நிலை சேனை.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். சீனித் தண்ணீரோ, கற்கண்டுத் தண்ணீரோ, தேனோ. அதுதான் சேனை. யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் நல்ல குணமுள்ளவராக, வாழ்ந்து காட்டியவராகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். வளர்ந்த பிறகு யாராவது அடாவடி செய்தால், "ஒனக்கு எந்தப் பய சேனை வச்சான்?" என்று கேட்பது இன்றும் உண்டு. மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், வயிற்றுப்போக்கு வரலாம், தொற்று வரலாம் என்று பாடத்துக்கான குறிப்பில் எழுதித் தந்திருந்தார்கள்.

நான் எழுதிய காட்சியில் ஒரு மாமியார் வெள்ளிக் கிண்ணத்தோடு கட்டிலருகே வருகிறார். கீழே மூன்று பொத்தான்கள். முதலாவது: 'பேசாமல் கொடுக்க விடுவேன்.' இரண்டாவது: 'கிண்ணத்தைப் பிடுங்கிவிடுவேன்.' மூன்றாவது: 'அத்தை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதுமாம், வாங்க, நர்ஸ் அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று அன்பாகச் சொல்வேன்.' மூன்றாவதை அழுத்தினால் மாமியார் முகம் மலர்ந்து, "நீ சொல்றதும் சரிதாம்மா" என்பார். கைதட்டல் ஒலிக்கும். அந்த மாமியாரின் புருவத்தைப் படம் வரைபவரிடம் பலமுறை மாற்றச் சொன்னேன். முதலில் கோபக்காரராகத் தெரிந்தார். பிறகு அசடாகத் தெரிந்தார். பார்க்கிற பெண்களின் மாமியார்களும் பார்ப்பார்களே, மனம் புண்படக்கூடாதே என்று எனக்குப் பயம்.

பாடம் வெளியாகும் முன் யாரையாவது படிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கையருகே இருந்தது என் மாமியார்தான். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தாம்பாளம்போல மடியில் வைத்து, நகத்தால் குத்தினார்.

"விரல் நுனியால தொடுங்க அத்தே. நகம்னா அதுக்குத் தெரியாது."

"நகத்துக்குக் கூடவா இங்கன தீட்டு?" என்றார்.

எல்லாக் கேள்விக்கும் பச்சை வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "எப்படி அத்தே எல்லாத்தையும் சரியாச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எது நீளமா எழுதியிருக்கோ அதான் சரி. மத்தது ரெண்டும் ஒத்த வரியில கெடக்கு. இதுக்கு என்னத்தப் படிக்க?"

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து தப்பான பதில்களை நீட்டிப் பார்த்தேன். நீட்டினால் பொத்தான் திரைக்கு வெளியே போயிற்று. சரியான பதிலைச் சுருக்கினால் அன்பு போயிற்று. அத்தை அடுப்படியில் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டார்: "ஏளா, அந்தக் கதையில வாரவ நல்ல மாமியாலா? சொன்ன ஒடனே சரிங்கா. எந்த ஊர்க்காரி அவ?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

என் நாத்தனார் ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவர்களுக்கு வாழை உண்டு, கொஞ்சம் வயலும் உண்டு. முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கி, வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைவிடச் சில வயது இளையவள். பிளஸ் டூவில் கணக்கில் தவறி, மறுபடி எழுத விடாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் லேப்டாப்பில் வேலை செய்யும்போது கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சென்னை ஆட்களோடு நான் இங்கிலீஷில் பேசி முடித்ததும், "எம்மாடி, எப்படி மைனி படபடன்னு பேசுதிய?" என்பாள். பேசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசுகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. தாள் லேப்டாப்பின் மறைவில், என் பக்கம் இருக்கும்.

ஒருநாள் அவளுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "மைனி, எம் புள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும்" என்றாள்.

நான் கீரையைப் பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் அது வைக்கக்கூடாதுங்காங்களே" என்றேன்.

"எல்லாஞ் சொல்லுவாங்க. எங்க சொக்காரங்க, பங்காளிக வீட்டுல எல்லாப் புள்ளைகளுக்கும் வச்சாங்க. ஒண்ணுஞ் செய்யல."

அடுப்படியிலிருந்து அத்தை, "ஒங்க மைனி மவளுக்கு வைக்காம விட்டுத்தான் படுத பாட்டப் பாக்கோமே" என்றார். என் மகள் பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். யாரும் அருகில் போக முடியவில்லை. அவள் சோறு துப்பினாலும், செருப்பை மாற்றிப் போட்டாலும், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலும் அத்தை சொல்வது ஒன்றுதான்: "சேனை வைக்காத புள்ள. யார் குணம்னு எங்க போய்த் தேட?"

எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, பாடத்தில் இருந்த பயம். முதல் கருவை இழந்தவளின் பிள்ளை. அதன் வாயில் என் விரலால் ஏதாவது போய், ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டாவதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. என் குணத்தைப் போய் ஒரு பிள்ளைக்கு யார் கேட்பார்கள்? காஸை அடைத்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். மெயிலை அனுப்பிய பிறகு அனுப்பியதை எடுத்துப் படித்து நெஞ்சு படபடக்கிறவள். மகளுக்குக் காய்ச்சல் இல்லை என்று தெர்மாமீட்டர் சொன்னாலும், தெர்மாமீட்டருக்கு ஒன்றும் இல்லையே என்று அதை என் கக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள். சேனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒருவேளை பலித்துவிட்டால் என்ற பயம் மட்டும் இருந்தது. நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பயப்பட முடிகிறது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். "ரெண்டு சொட்டு சீனித் தண்ணி. வச்சுட்டுப் போயேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடிக்கலைன்னா மாட்டேன்னு சொல்லிரு" என்றார். இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னார். அவருக்கு இரண்டும் ஒரே கனம்தான்.

பிள்ளை நாள் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். எடை குறைவு. ஆனால் தாயோடு இருக்கலாம் என்றார்கள். தாய்ப்பால் மட்டும், அடிக்கடி, வேறு எதுவும் கூடாது என்று டாக்டரம்மா அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தை பவ்யமாகத் தலையாட்டினார். டாக்டர் போனதும் கட்டைப் பையிலிருந்து வேட்டித்துணியில் சுற்றிய வெள்ளிக் கிண்ணம் வெளியே வந்தது.

என் கையில் பதில் இருந்தது. நானே எழுதிய பதில். மனப்பாடமாகத் தெரியும். "அத்தே, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதுமாம். வாங்க, நர்ஸ் அம்மாகிட்டயே கேட்டுரலாம்" என்று, பாடத்தில் வருகிற அதே கனிவோடு சொன்னேன்.

"எல்லாம் ஒன் போன்ல படிச்சேன், எனக்குத் தெரியும்" என்றார் அத்தை.

நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன அவசரமோ, உள்ளே வந்ததும் குரலை உயர்த்திவிட்டாள். "பெரியம்மா, இதத்தான் வேண்டாம்னு சொல்லுதோம்லா? பச்ச மண்ணு. கொறப் புள்ள. எதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல? கிண்ணத்த உள்ள வைங்க." பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கூனிக்குறுகிப் போனேன். 'அன்பாகச் சொல்வேன்' என்றுதான் நான் எழுதியிருந்தேன். நர்ஸ் எப்படிச் சொல்வாள் என்று எழுதவில்லை.

அத்தை முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. புன்னகையோடு, "நீ சொல்லுததும் சரிதாம்மா" என்றார்.

என் பாடத்தில் கைதட்டல் வருகிற இடம் அது. கதை அங்கே முடிந்து அடுத்த கேள்வி வந்துவிடும். இங்கே நர்ஸ் போனாள், கதவு சாத்திக்கொண்டது, கிண்ணம் திரும்ப வெளியே வந்தது.

"அவ வேலைக்கு அவ சொல்லுதா. நீ வா."

"அத்தே, வேண்டாமே."

"நீ வைக்காட்டி நான் வைக்கேன். ஆனா ஒன் நாத்தனா ஆசப்படுதது ஒன்னய."

நான் கட்டிலைப் பார்த்தேன். நாத்தனார் என் பக்கம் சேர்ந்துகொள்வாள், அவளே வேண்டாம் என்பாள் என்று அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை. நான் எழுதிய கதையில் பிள்ளை பெற்றவள் எப்போதும் சரியான பக்கத்தில்தான் இருப்பாள். எதிர்ப்பக்கம் மாமியார் மட்டும்தான். இவள் கண் கலங்கிப் படுத்திருந்தாள். தையல் வலியில் சரிந்த குரலில் கேட்டாள்:

"ஒங்க குணம் எம் புள்ளைக்கு வரக்கூடாதுன்னு நினைக்கியளா மைனி?"

"அப்படியில்ல..."

"பொறவு என்ன? நாந்தான் ஒண்ணுத்துக்கும் ஆவாம அடுப்பங்கரையில கெடக்கேன். இவளாவது ஒங்கள மாதிரி படிக்கட்டும், நாலு பேர்ட்ட பேசட்டும்னு கேக்கேன். அது ஒரு தப்பா?"

தப்பில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'ஆமாம், என் குணம் வரக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்' என்று உண்மையைச் சொன்னால், தன் பிள்ளைக்குத் தர மனமில்லை என்றுதான் அவள் காதில் விழும். நான் மறுத்தால் அத்தை வைப்பார், ஒரு சொட்டோடு நிறுத்த மாட்டார். நான் வைத்தால் அளவாவது என் கையில் இருக்கும் என்று ஒரு கணக்கு. நல்ல கணக்கா, தப்பித்துக்கொள்கிற கணக்கா என்று யோசிக்க அங்கே நேரம் இல்லை.

கையைச் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் என்று பாடத்தில் காட்டியபடி கழுவினேன். கிண்ணத்தில் விரலை நனைத்தேன். பிள்ளையின் பக்கம் குனியும்போது என் முதுகு அவர்கள் இருவருக்கும் மறைப்பாக இருந்தது. அந்த ஒரு கணத்தில் விரலைச் சேலைக் கொசுவத்தில் துடைத்தேன். பிறகு பிள்ளையின் உதட்டில் தொட்டேன். அது உதட்டைக் குவித்துச் சப்புக்கொட்டியது.

"பாத்தியா, நாக்கத் தட்டுதா!" என்றார் அத்தை. நாத்தனார் கண்ணை மூடிச் சிரித்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கழுவிய விரலை நான் துடைத்தது எதில்? வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த சேலை. எத்தனை பேர் உரசிய சேலை. சீனித் தண்ணீருக்குப் பயந்து பஸ் தூசியைக் கொடுத்துவிட்டேனா? நன்றாகத் துடைத்தேனா, அரைகுறையாகத் துடைத்தேனா? இனிப்பு இல்லாவிட்டால் அது ஏன் சப்புக்கொட்ட வேண்டும்? விரலை நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். எந்தச் சுவையும் தெரியவில்லை. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் பிள்ளையின் முகத்தில் மஞ்சள் தெரிந்தது. பிறகு நெஞ்சில். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டும் என்றார்கள். கண்ணுக்குத் துணிக்கட்டுப் போட்டு, டயப்பரோடு, அந்த நீல வெளிச்சத்தில் அது காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்த கையில்தான் அந்த விரலும் இருந்தது. மஞ்சள் காமாலை பிறந்த பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது என்று எனக்குத் தெரியும். பாடத்தில் அதற்கும் ஒரு திரை வைத்திருக்கிறேன். சூரியகாந்திப் பூ நிறத்தில் பின்னணி போட்டிருந்தேன். தெரிந்திருப்பது கொஞ்சமும் உதவவில்லை.

டாக்டரம்மா வந்து பால் குடிப்பதைப் பற்றிக் கேட்டார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "வாயில வேற எதுவும் கொடுத்தீங்களா? சீனித் தண்ணி, கழுதைப் பால், தேன்... மறைக்காம சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்லா" என்றார் அத்தை. நீளமான பதில். நான் எழுதிய வரியையே எடுத்துச் சொன்னார்.

நான் நின்ற இடத்தில் எனக்கு இரண்டு வழிகள்கூட இல்லை. பேசாமல் இருந்தால் பிள்ளைக்குத் தேவையான ஏதோ ஒன்றை மறைத்தவளாவேன். 'தொட்டு வைத்தேன், ஆனால் துடைத்துவிட்டேன்' என்று முழுதாகச் சொன்னால், பக்கத்தில் நிற்கிறவளின் ஒரே ஆசையை நான் சேலையில் துடைத்தெறிந்தேன் என்று அவள் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் அவளிடமே சொல்வதாகும். என் வாயில் பாதிதான் வந்தது.

"நான் வச்சேன் டாக்டர். விரல்ல தொட்டு. ஒரே ஒரு தடவ."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"படிச்சவங்களே இப்படிச் செஞ்சா நாங்க யாருக்குப் போய்ச் சொல்ல? சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கோம். போன்ல எல்லாம் வீடியோ வருது. அதெல்லாம் பாக்கவே மாட்டீங்களா?"

அந்த வீடியோக்களை உண்டாக்குகிற ஆட்களில் ஒருத்தி நான் என்பது தொண்டை வரை வந்து நின்றது. "பாக்கேன் டாக்டர்" என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். மஞ்சள் அதனால் வரவில்லை, குறைமாதப் பிள்ளைக்கு இது வருவதுதான், விளக்கு போதும், ஆனால் இனி எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் வரவில்லை என்று அவர் சொன்னது சீனித் தண்ணீரைப் பற்றி. சேலையைப் பற்றி அவரிடம் நான் கேட்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. வராந்தாவில் அவர் தனியாகத்தான் போனார்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காண்டி ஏச்சு வாங்கிட்டியளே மைனி" என்றாள்.

அத்தை கீழே போய் எனக்குக் காபி வாங்கி வந்தார். ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "ஏளா, நாந்தான் ஒண்ணுமில்லன்னு முடிச்சுட்டேன்லா, நீ எதுக்கு எடுத்துக் குடுத்த?" என்றார்.

"கேட்டா சொல்லணும்ல அத்தே."

"இதுக்குத்தான் ஒன்னய வைக்கச் சொன்னா அவ. பொய் சொல்லத் தெரியாத சவம்" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியாமல் காபியைக் குடித்தேன். பாதிப் பொய் சொன்ன வாய்க்குக் காபி நன்றாகத்தான் இருந்தது.

மஞ்சள் இறங்கியது. பிள்ளை வீட்டுக்கு வந்தது. பாடம் வெளியாகிற நாளும் நெருங்கியது. எனக்கு அந்த மூன்று பொத்தான் திரையைத் திறக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் திறந்து திறந்து பார்த்தேன். கடைசியில் சென்னையில் எனக்கு மேலே இருக்கிறவளிடம் போனில் கேட்டேன். வழக்கம்போல் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான்.

"அந்தச் சேனை சீன்ல இன்னொரு சிச்சுவேஷன் சேர்க்கலாமா? குழந்தையோட அம்மாவே அது வேணும்னு கேட்டா என்ன பண்ணுவீங்கன்னு?"

"நல்லா இருக்கே! சரி, அதுக்கு ரைட் ஆன்சர் என்ன?"

நான் எழுதியிருந்த தாள் அதோடு முடிந்துவிட்டது. "தெரியல" என்றேன்.

அவள் நல்ல பெண். கோபப்படவில்லை. "ரைட் ஆன்சர் இல்லாம எப்படிம்மா கேள்வி போட முடியும்? பச்சை எங்க எரியும்?" என்றாள். தவிர, கிளையண்ட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், குரலும் பதிவாகிவிட்டது, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அவள் சொன்னது எல்லாம் நியாயம்தான். பாடம் அப்படியே வெளியானது. எங்கெங்கோ, எந்தெந்த ஊரிலோ பெண்கள் மூன்றாவது பொத்தானை அழுத்தி, என் மாமியாரைப்போல முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருப்பார்கள். யாருடைய கட்டிலருகே அந்தப் பதில் எப்படிப் போனது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்பது மட்டும் திரையில் வரும்.

போன வாரம் நாத்தனார் பிள்ளையைத் தரையில் பாய்விரித்துப் போட்டிருந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பிப் போக நாள் பார்த்தாயிற்று. அடுப்படியில் ஏதோ விழுந்தது. பிள்ளை இரு கையையும் விரித்து, உடம்பெல்லாம் அதிர்ந்து, முகத்தைச் சுளித்தது. கொஞ்ச நேரத்தில் மின்விசிறியின் சத்தம் மாறியதற்கும் அப்படியே செய்தது.

"பாத்தியளா மைனி, ஒண்ணும் பொறுக்காது. எல்லாத்துக்கும் ஒரு பதட்டம். ஒங்க குணம் அப்படியே வந்துட்டு!" என்றாள் நாத்தனார். அவள் குரலில் அவ்வளவு பெருமை.

பிறந்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் திடுக்கிடும், சில மாதங்களில் தானே போய்விடும். அதற்கும் ஒரு திரை எழுதியிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், சேனை பலிக்கவில்லை என்றாகும். சொல்லாவிட்டால், பலித்தது என்றாகும். என் விரலில் அன்று ஏதாவது இருந்ததா என்பதே எனக்குத் தெரியாதபோது எதை உறுதியாகச் சொல்வது?

"நம்பலையா நீ? இங்கன பாரு" என்றார் அத்தை. கையிலிருந்த டம்ளரைத் தரையில் டொக்கென்று வைத்தார்.

பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட, கையை விரித்தது. அதே நேரம் நானும் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துவிட்டேன். அத்தையும் நாத்தனாரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.